ஐந்து கந்தாங் அரிசி எத்தனை நாள் வரும்?

பழைய கந்தாங் அளவும் கட்டி எடையும் போய் லிட்டரும் கிலோவும் வந்துகொண்டிருக்கின்றன. போன வாரம் குளுவாங் சந்தையில் ஒரு காய்கறிக்காரர் புதுத் தராசை வைத்துக்கொண்டு திண்டாடியதைப் பார்த்தேன். இரண்டு நாள் கழித்து, பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் கணக்கு எடுக்கும் இளம் ஆசிரியை ஒருத்தி என்னைத் தேடி வந்தாள்.

"டீச்சர், ஆயிரம் மில்லிலிட்டர் ஒரு லிட்டர்னு நூறு தடவ சொல்லிட்டேன். நல்லா ஒப்பிக்கிறாங்க. ஒரு போத்தலைக் காட்டி இதுல எவ்வளவு பிடிக்கும்னு கேட்டா முழிக்கிறாங்க. நீங்க அந்தக் காலத்துல எப்படிச் சொல்லிக் கொடுத்தீங்க?"

நான் ஏதோ பிரமாதமாகச் சொல்லிக் கொடுத்தேன் என்று அவளிடம் யாரோ கதை விட்டிருக்கிறார்கள். உண்மை என்னவென்றால், அளவைப் பாடத்தை எனக்கே இரண்டு பேர் சொல்லித்தர வேண்டியிருந்தது. ஒருவர் எனக்கு மேலே இருந்த பெரிய வாத்தியார். மற்றவள் என் கையால் அடி வாங்கிய மாணவி. அந்த இளம் ஆசிரியையிடம் வாயால் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர். என்னை ஜோகூர் பாருவில் கன்னியாஸ்திரிகளிடம் ஏழு வருஷம் படிக்க வைத்தார். தமிழை அவரே வீட்டில் சொல்லிக் கொடுத்தார். பயிற்சிக் கல்லூரி, சான்றிதழ் என்றெல்லாம் எதுவும் கிடையாது. தையல் சொல்லித்தர ஒரு பெண் இருந்தால் தொழிலாளர் லயத்துப் பெண்பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்புவார்கள் என்று பெரிய வாத்தியார் தோட்டத் துரையிடம் கேட்டிருக்கிறார். துரை சரி என்றார். ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு போன என்னிடம் முதல் மாதமே மூன்றாம் வகுப்புக் கணக்கையும் கொடுத்துவிட்டார்கள். என் பயிற்சி அவ்வளவுதான்.

குளுவாங்கிலிருந்து லாரியில் ஒரு மணி நேரம் உள்ளே இருந்த ரப்பர் தோட்டம் அது. பள்ளிக்கூடம் ஒரே அறை. ஒரு பக்கம் அவர், மறு பக்கம் நான், நடுவில் ஒரு கரும்பலகை.

பெரிய வாத்தியார் மாசிலாமணி ஆறடி உயரம், அதற்கேற்ற உடம்பு. வாத்தியாராகும் முன் எட்டு வருஷம் பால் அளந்த கிராணி. மரம் சீவும் வெட்டுக்காரர்கள் சுமந்து வரும் ரப்பர் பாலை காலன் கணக்கில் அளந்து பதிவார். ஒரு கோடு கூடினாலும் குறைந்தாலும் ஒருவருடைய காலை உழைப்பு அல்லவா? அந்த வேலை அவரை விட்டுப் போகவே இல்லை. கண்ணாடிச் சாடியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, அவ்வளவு பெரிய மனிதர் மண் தரையில் முழங்காலிட்டு, தண்ணீர் மட்டத்துக்குக் கண் வரும்வரை குனிவார். பிள்ளைகளும் அப்படியே செய்ய வேண்டும். நின்றபடி பார்த்துவிட்டு ஒருவன் பதில் சொன்னால், "நீ எட்டிப் பாத்திருக்க. இன்னும் அளக்கல" என்பார். அதட்டலே இருக்காது. எனக்கோ மூக்கின் மேல் கோபம். அவர் எப்படி அத்தனை பொறுமையாக இருக்கிறார் என்று பல நாள் எரிச்சலோடுதான் பார்த்தேன்.

எங்களிடம் இருந்த கணக்குப் புத்தகம் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. அதில் ஆழாக்கு, உழக்கு, படி, மரக்கால். எங்கள் பிள்ளைகள் அவற்றில் ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை. அந்தப் பக்கத்தின் மேல் அவர் ஒரு தாளை ஒட்டி, தன் முத்தான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார்: நான்கு சுப்பாக் ஒரு கந்தாங், ஒரு கந்தாங் ஒரு காலன், பதினாறு தகில் ஒரு கட்டி, நூறு கட்டி ஒரு பிக்குள். "பிள்ளைங்க கையில இருக்கிறதைத்தான் முதல்ல கேக்கணும்" என்பது அவர் வாதம்.

என் முதல் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கன அடியில் ஆறே கால் காலன் தண்ணீர் பிடிக்கும் என்பதைக் காட்ட, ஒரு அடி நீளம், அகலம், உயரத்தில் ஒரு பெட்டி செய்யச் சொன்னார். நான் பால் டின் வந்த பெட்டிகளின் பலகைகளை வாங்கி, தோட்டத் தச்சரை விரட்டி, ஒரு அடிக்கு ஒரு அடி கச்சிதமாகச் செய்து, சந்துகளில் தார் பூசிப் பெருமையோடு கொண்டு வந்தேன். பிள்ளைகள் காலன் காலனாக ஊற்றினார்கள். ஐந்தாவது காலனிலேயே பெட்டி தளும்பிவிட்டது. தார் வழியாக ஒழுகினால் தண்ணீர் அதிகமாக அல்லவா பிடிக்க வேண்டும்? எனக்கு ஒன்றும் புரியவில்லை. புத்தகம்தான் தப்பு என்று முடிவுகட்டினேன். அவர் பெட்டியைச் சுற்றி வந்து, பலகையின் கனத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். அரை அங்குலம்.

"டீச்சர், எங்க வச்சு அளந்தீங்க?"

"வெளிய வச்சு சார்."

"வெளிய தண்ணி நிக்காதுலா," என்றார். அவ்வளவுதான். பிள்ளைகள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. மறு பெட்டியை உள்ளே அளந்து செய்தேன். ஆறே கால் பிடித்தது.

இனி அஞ்சலை கதைக்கு வருகிறேன்.

ரப்பர் விலை விழுந்துகிடந்த சமயம். எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்கு மேல் நாலாம் வகுப்பு வேண்டுமென்று பெரிய வாத்தியார் இரண்டு வருஷமாகத் துரையைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் துரை ஒரு வார்த்தை சொன்னார்: வருகிற பள்ளி இன்ஸ்பெக்டர் மூன்றாம் வகுப்பைப் பார்த்துவிட்டுத் தகுதி உண்டென்று எழுதினால் நாலாம் வகுப்பு உண்டு, இல்லாவிட்டால் பத்து வயது தாண்டிய பிள்ளைகள் புல்வெட்டுக்குப் போக வேண்டியதுதான். வகுப்பில் இருந்தது நான்கே பேர். அதில் அஞ்சலைக்குப் பதினொரு வயது. அம்மா விடியுமுன் பால் வெட்டப் போய்விடுவாள்; சமையல் அஞ்சலை கையில். சோறாக்கி வைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடி வருவாள். இந்தத் தடவை தவறினால் மண்வெட்டி என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். வகுப்பில் எல்லாருக்கும் அது தெரியும்.

இன்ஸ்பெக்டர் வருவதற்குப் பத்து நாள் முன்பு நான் கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினேன். ஒரு வீட்டில் நாளொன்றுக்கு ஒரு சுப்பாக் அரிசி ஆகிறது. ஐந்து கந்தாங் அரிசி எத்தனை நாள் வரும்? மூன்று பேர் இருபது என்று எழுதினார்கள். அஞ்சலையின் பலகையில் பதினாறு.

"கந்தாங்குக்கு எத்தனை சுப்பாக்?"

"நாலு டீச்சர்."

"அஞ்சு நாலு?"

"இருபது."

"அப்புறம் எதுக்குப் பதினாறு எழுதின?"

"பதினாறு நாள்தான் வருது டீச்சர். இருபது நாள் வந்ததே இல்ல."

அழித்து எழுதச் சொன்னேன். பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். "எங்க வீட்டுல பதினாறு" என்று மறுபடியும் சொன்னாள். ஐந்து கந்தாங்கில் நாலு நாள் அரிசி குறைகிறது என்றால் என்ன அர்த்தம்? தோட்ட ஸ்டோரில் அரிசி அளந்து போடும் கிராணி குறைக்கிறார் என்று அர்த்தம். அது அவர் காதுக்குப் போய், துரை காதுக்கும் போனால் நாலாம் வகுப்பு என்ன, இருக்கிற மூன்றும் போய்விடும். பயமும் கோபமும் சேர்ந்து வந்தன. கையை நீட்டச் சொல்லி, அளவுகோலால் இரண்டு போட்டேன். அவள் அழவில்லை. பதினாறையும் அழிக்கவில்லை.

கரும்பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரிய வாத்தியார் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். மாலையில் என்னிடம் ஒரு வார்த்தை திட்டவில்லை. "அந்தப் பொண்ணு கணக்கு தெரியாத பொண்ணா டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப அளந்து பாத்துருவோம்" என்றார்.

மறுநாள் அஞ்சலையை வீட்டுச் சுப்பாக்கைக் கொண்டு வரச் சொல்லிவிட்டு, தானே ஸ்டோருக்கு நடந்தார். "அலமாக், கந்தாங்கைப் பள்ளிக்கூடத்துக்கா? எங்க வாத்தியாரே, அரிசி படிக்கப் போகுதா?" என்று ஸ்டோர் கிராணி கேலி செய்தாராம். மரக் கந்தாங்கையும், அது நிறைய அரிசியையும் தலையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அஞ்சலையின் வீட்டுச் சுப்பாக் ஒரு பெரிய தேங்காய் ஓடு. அவள் அப்பா விளிம்பைத் தேய்த்துத் தேய்த்து ஸ்டோர் அளவுக்குச் சரியாக்கியது. வாத்தியார் முதலில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். நாலு ஓடு தண்ணீருக்குக் கந்தாங் விளிம்பு வரை நிறைந்தது. ஓட்டிலும் குறையில்லை, கந்தாங்கிலும் குறையில்லை. ஸ்டோர் கிராணியை மனத்துக்குள் திருடனாக்கியிருந்த எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

இரண்டையும் துடைத்து வெயிலில் காய வைத்தார். பிறகு கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்தார். கந்தாங்கில் அரிசி போட அவருக்கென்று ஒரு முறை உண்டு. ஒரு சாண் உயரத்திலிருந்து ஒரே சீராக விழ வேண்டும். பாத்திரத்தைக் குலுக்கக் கூடாது, தட்டக் கூடாது. குலுக்கினால் அரிசி இறங்கி, இன்னும் ஒரு பிடி உள்ளே போகும். நிறைந்ததும் நேரான ஒரு கோலை விளிம்பின் மேல் வைத்து, முன்னும் பின்னும் அறுக்காமல் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் தலை தட்டுவது. மூன்று தடவை அளந்து மூன்றும் ஒத்தால்தான் பலகையில் எழுதுவார்.

"இப்ப நீ வீட்டுல உலைக்கு அளக்கிற மாதிரி அள," என்று ஓட்டை அஞ்சலையிடம் கொடுத்தார்.

அவள் கந்தாங்கிலிருந்து ஓட்டில் அள்ளினாள். நிறைந்த பிறகும் விடவில்லை. நடுவில் குவித்து, குவித்து, அரிசி இனி சரிந்து விழும் என்ற இடத்தில் நிறுத்தினாள். ஓட்டின் மேல் ஒரு கும்பம் நின்றது. வாயகன்ற ஓடு, கும்பமும் பெரிதாக இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கந்தாங்கில் மிஞ்சியதை ஓட்டில் போட்டால் கால் ஓடுதான் வந்தது.

"ஏம்மா தலை தட்டல?" என்று வாத்தியார் கேட்டார்.

"உலைக்கு அளக்கறப்ப தட்டக் கூடாதுய்யா. வீட்டுக்கு ஆகாதுன்னு அம்மா சொல்லியிருக்கு."

என் வீட்டிலும் அப்படித்தான். என் அம்மா தட்டியதில்லை, நானும் தட்டியதில்லை. லயத்தில் எந்த வீட்டிலும் தட்டியிருக்க மாட்டார்கள். தினமும் கும்பமாக அளந்துவிட்டுப் பள்ளியில் வந்து நாலு சுப்பாக் ஒரு கந்தாங் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது.

"கந்தாங்குக்கு மூணு நாள் போக, கால் ஓடு மிஞ்சும்," என்றாள் அஞ்சலை. இப்போது அவள் குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. "அஞ்சு கந்தாங்குல பதினஞ்சு நாள். மிஞ்சின அஞ்சு காலையும் சேத்தா இன்னொரு கும்ப ஓடு. அது பதினாறாவது நாளு."

பெரிய வாத்தியார் அரிசியை மறுபடியும் கொட்டி, மூன்று தடவையும் அளக்க வைத்தார். மூன்றும் ஒத்தன. பலகையில் இருபது என்று எழுதி அதன் கீழே 'தட்டினால்' என்றும், பதினாறு என்று எழுதி 'கும்பமாக' என்றும் எழுதினார். மாலையில் நான் அவரிடம் போய், "சார், இன்ஸ்பெக்டர் கேட்டா கந்தாங்குக்கு நாலுன்னு மட்டும் சொல்லச் சொல்லிடவா? வீணா வம்பு எதுக்கு?" என்றேன்.

"வேணாம் டீச்சர். அவளுக்கு ரெண்டும் தெரியும். நாம ஒண்ணை மறைக்கச் சொல்லிக் கொடுத்தா, அதுதான் பாடம்னு நினைச்சுக்குவா."

இன்ஸ்பெக்டர் வந்தார். மெலிந்த மனிதர், சிரிக்காத முகம், கையில் ஒரு தடித்த நோட்டு. வாசிப்பு, சொல்வதெழுதுதல் எல்லாம் சுமாராகப் போயின. பையன்கள் இருவர் பெருக்கலில் தடுமாறினார்கள். அவர் நோட்டில் ஏதோ எழுதியதை எட்டிப் படிக்கப் பார்த்தேன், தெரியவில்லை. பிறகு அளவைக் கணக்குக்கு வந்தார். அஞ்சலையை எழுப்பினார்.

"ரெண்டு கந்தாங் அரிசி இருக்கு. எத்தனை சுப்பாக்?"

அஞ்சலை என்னைப் பார்த்தாள், பெரிய வாத்தியாரைப் பார்த்தாள். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தட்டியாங்க ஐயா, கும்பமாவா?" என்றாள்.

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கேட்ட கேள்விக்குப் பதில்."

"தட்டினா எட்டு. எங்க வீட்டு ஓட்டுல கும்பமா அளந்தா, ஆறு போக அர ஓடு மிஞ்சும்."

அளந்து காட்டச் சொன்னார். அரிசியும் கந்தாங்கும் ஓடும் அலமாரியில் தயாராக இருந்தன. அவள் துணியை விரித்தாள். ஒரு சாண் உயரத்திலிருந்து அரிசியைப் போட்டாள். கோலை ஒரே இழுப்பாக இழுத்தாள். அந்தச் சின்னக் கையில் பெரிய வாத்தியாரின் முறை அப்படியே இருந்தது. ஒரு கந்தாங்கைக் கும்பமாக மூன்று ஓடு அளந்து, மிஞ்சிய கால் ஓட்டைத் தனியே வைத்தாள். இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"சரி. ஓட்டுக்கு மேல நிக்குதே கும்பம், அது மட்டும் எவ்வளவு?"

இதை நாங்கள் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. என்னைக் கேட்டிருந்தால் கூம்பின் உயரம், விட்டம் என்று ஆரம்பித்து எங்காவது முட்டிக்கொண்டு நின்றிருப்பேன். அஞ்சலை அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது.

"தட்டினா மொத்தம் நாலு ஓடு. மூணு ஓட்டுக்குள்ள மூணு போயிருச்சு. மீதி ஒண்ணு. அதுல கால் இங்க மிஞ்சிக் கிடக்கு. முக்கால்தான் மூணு கும்பத்துக்கும் போயிருக்கு. அப்ப ஒரு கும்பம் கால் சுப்பாக்குங்க ஐயா."

இன்ஸ்பெக்டர் ஒரு ஓட்டைத் தலை தட்டி, தள்ளிய கும்பத்தைத் தானே அளந்து பார்த்தார். கால் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க ஊசிப்பெட்டியைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன். முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தேன். அதைவிடச் சுத்தமான ஒரு கணக்கை எந்தப் பிள்ளை வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை.

நாலாம் வகுப்புக்குத் தகுதி உண்டு என்று அவர் எழுதினார். அளவைப் பாடம் பொருள் விளங்கக் கற்பிக்கப்படுகிறது என்றும் எழுதி, யார் எடுக்கிறார் என்று கேட்டார். "உதவி ஆசிரியை" என்றார் பெரிய வாத்தியார், நான் வாய் திறப்பதற்குள். இன்ஸ்பெக்டர் போன பிறகு பெரிய வாத்தியாரிடம் சண்டைக்கே போனேன். "நான் அடிச்சதுதான் சார் நிஜம். என் பேர எதுக்குச் சொன்னீங்க?"

"வகுப்பு உங்களோடது டீச்சர். நான் கந்தாங்கைத்தான் தூக்கிட்டு வந்தேன்," என்றார்.

துரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நாலாம் வகுப்பு தொடங்கிய அன்று மூன்று பேர் வந்தார்கள். அஞ்சலை வரவில்லை. வகுப்பு கிடைத்தும் அவள் அப்பா விடமாட்டேன் என்கிறாராம் என்று பையன்கள் சொன்னார்கள். எனக்கு அன்று பாடம் ஓடவில்லை. பால் அளந்து கொடுத்துவிட்டு வெட்டுக்காரர்கள் திரும்பும் நேரத்தில், வேலைச் சட்டையோடு, கையில் காய்ந்த ரப்பர் பாலோடு அவள் அம்மா வந்து வாசலில் நின்றாள். பின்னால் அஞ்சலை.

"இவளை எழுதிக்குங்க டீச்சரம்மா. அவரு சரின்னுட்டாரு."

"வேணாம்னு சொன்னதா கேள்விப்பட்டேனே?"

அந்த அம்மா மகளை முன்னால் இழுத்து நிறுத்தினாள். பிறகு சொன்னாள். "ஸ்டோர் கிராணி அவருகிட்ட சொல்லியிருக்காரு, அஞ்சு கந்தாங் இருபது நாளைக்கு வரும்னு. எனக்குப் பதினாறுலயே தீந்துரும். நாலு நாள் அரிசி எங்க போச்சு, ஒன் தங்கச்சி வீட்டுக்கு அள்ளிக் குடுக்கிறியான்னு மூணு வருசமா கேப்பாரு. நானும் எங்க போகுதுன்னு தெரியாம நிப்பேன். வீட்டு விசயத்த வெளிய பேசக் கூடாதுன்னு இவகிட்ட சொல்லி வச்சிருந்தேன். நேத்து அரிசி போட்டாங்க. இவ அவர உக்கார வச்சு, தட்டியும் அளந்தா, கும்பமாவும் அளந்தா. இன்னிக்கு விடியக்காலம் எந்திரிச்சு உலைக்கு அவரே அளந்தாரு. தட்டாமத்தான் அளந்தாரு. அப்புறம் இவளப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லிட்டாரு."

அந்தப் பதினாறை ஏன் அவள் அழிக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. தாயின் மேல் விழுந்த சந்தேகத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளை என்னிடம் வந்திருக்கிறாள். நான் கையை நீட்டு என்றிருக்கிறேன்.

பதிவேட்டில் அவள் பெயரை எழுதினேன். அடித்தது எல்லார் முன்னாலும். ஆகவே எல்லார் முன்னாலும் அவளை நிறுத்தி, "நீ சொன்னதுதான் சரி அஞ்சலை. நான் அடிச்சது தப்பு" என்றேன்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "நீங்க சொன்னதும் சரிதான் டீச்சர், தட்டினா."